ஏரி வரை பின்னிய போர்வை

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கோயில் தலைவர் அமிர்தலிங்கம். அவர் மனைவி திலகம். என் தம்பி குகனின் விதவை ரஞ்சிதம். அவளை மறுமணம் செய்துகொண்ட மகேன். பிறகு நான், வசுமதி, எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதிய பெரிய கிராணியின் மூத்த மகள். வேறு யாரும் இல்லை. மழை விட்டிருந்தது. நான் டீ போட்டேன்.

டீயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினேன் என்று திலகம் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் நூலில் தொங்கும் பை டீ கிடையாது. வெந்நீரில் பாத்திரத்தைச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இலையைப் போட்டு மூடி வைத்து, பாலைத் தனியாகக் காய்ச்ச வேண்டும். அப்பா இருந்த காலத்தில் துரைமார் வந்தாலும் அப்படித்தான். அன்று வந்தவர்களுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், தம்பி.

உங்களைத் தம்பி என்று கூப்பிடுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இன்ஸ்பெக்டர்தான். ஆனால் ரிங்லெட்டில் கடை வைத்திருந்த அபூபக்கரின் மகன் தவ்ஃபீக், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் போர்வைக்கான கம்பளி நூல் முழுவதும் உங்கள் வாப்பா கடையில் வாங்கியது. ஈப்போவிலிருந்து எனக்காகவே தருவித்துக் கொடுத்தார்.

"என்னம்மா, எஸ்டேட்டுக்கே சட்டை தைக்கப் போறீங்களா? பச்சையில இத்தனை பச்சை இருக்குன்னு உங்களாலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு லா" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது சரிதான். நான் எஸ்டேட்டைத்தான் பின்னினேன்.

என் தம்பி குகன் எங்கள் அம்மாவுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவன் பிறக்கும்போது எனக்குக் கல்யாண வயது. அம்மா அவனைப் பெற்றதோடு போய்விட்டாள். அவனை வளர்த்ததில் எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆண்பிள்ளை அவன் ஒருவன். அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள், அன்பரசி. அவள் ஐந்து வயதைத் தொடும்போது அவளுக்கு ஒரு பெரிய போர்வை பின்ன ஆரம்பித்தேன். இரட்டைக் கட்டிலை மூடும் அளவு. வளர்ந்து கல்யாணமாகிப் போகும்வரை அதுதான் அவளுக்கு என்று கணக்கு.

பூவும் பொம்மையும் போட்டுப் பின்னுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த எஸ்டேட் வரைபடத்தைப் பார்த்தபடியே வளர்ந்தவள் நான். நம்பர் போட்டுப் பிரித்த ஒவ்வொரு தேயிலை மலையும் எப்படி வளைகிறது, எது எதோடு ஒட்டுகிறது என்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு மலையையும் அதன் வடிவத்திலேயே தனித்தனியாகப் பின்னி, பிறகு ஒன்றோடொன்று சேர்த்தேன். கொழுந்து விட்டிருக்கும் மலைக்கு இளம் பச்சை. முற்றியதற்குக் கரும்பச்சை. கவ்வாத்து வெட்டிய மலைக்குக் காப்பி நிறம். எங்கள் வீட்டுக்குச் சிவப்பில் ஒரு சதுரம். கோயிலுக்கு வெள்ளைப் பொத்தான். காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்துக்குச் சாம்பல் நிறம். வீட்டின் பின்வாசலிலிருந்து கீழே ஏரி வரை போகும் ஒற்றையடிப் பாதையை மஞ்சள் நூலில் சங்கிலிப் பின்னலாக ஓட்டினேன். எங்கே வளைகிறதோ அங்கே வளைத்தேன். எங்கே ஒரேயடியாய் இறங்குகிறதோ அங்கே நேராக விட்டேன்.

மாலையில் குழந்தையை மடியில் உட்காரவைத்து, அவள் விரலைப் பிடித்து அந்த மஞ்சள் நூல்மேல் ஓட்டுவேன். அவள் பாட்டுப்போலச் சொல்லுவாள்: "வீடு, கோயிலு, பதினாலாம் நம்பரு, பெரட்டுக்களம், பைப்படி, ஏரி." இது உன் தாத்தா கணக்கெழுதிய மண், இதில் நீ எங்கே விட்டாலும் வீடு திரும்பத் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே போவாள்.

ஏரியை மட்டும் நான் பின்னவில்லை. அதைப் பின்னியவள் ரஞ்சிதம்.

அவளும் பின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண். அவள் அப்பா செடிக்கு மருந்தடிக்கும் ஆள். குகன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான், நான் சம்மதித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு நான் அவளைக் குறைவாக நடத்தியதில்லை. ஏரியை அவளிடம் கொடுத்தேன், ஓரத்தில் இருப்பதால்.

அவள் நீல நூலை எடுத்தாள். நான் சொன்னேன், அணைக்கட்டு ஏரி எந்தக் காலத்தில் நீலமாக இருந்தது, மேலே காய்கறித் தோட்டங்களின் மண் எல்லாம் இறங்கி அது பால் ஊற்றிய டீ போல அல்லவா கிடக்கிறது என்று.

"பிள்ளைக்கு நீலந்தான் பிடிக்கும்க்கா" என்றாள்.

நிறத்தைவிட எனக்குக் கண்ணை உறுத்தியது அவள் கை. பின்னலில் கை என்று ஒன்று உண்டு, தம்பி. நூலை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்து மாதிரி. என் கை இறுக்கம். நான் பின்னியதில் தீக்குச்சி நுழையாது. அவள் கை தளர்வு. கண்ணிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். என் மலைகளுக்கு நடுவே அந்த ஏரி மட்டும் தொளதொளவென்று கிடந்தது. உருவி எடுத்துவிட்டு நானே திரும்பப் பின்னுவதாக இருந்தேன். அதற்குள் தாப்பா சாலை வளைவில் குகனின் மோட்டாரை லோரி இடித்துவிட்டது.

அப்பன் போனபிறகு குழந்தைக்கு ஒரு பழக்கம் வந்தது. தூங்கும்போது போர்வையின் அந்த மூலையை இழுத்து, ஏரியின் கண்ணிகளுக்குள் விரல்களை நுழைத்துக்கொண்டுதான் தூங்குவாள். என் பின்னலில் விரல் நுழையாது அல்லவா.

ஒரு வருஷம் கழிந்தது. ஒரு நாள் ரஞ்சிதம் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"மகேன் என்னைக் கேட்டிருக்காரு. பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கிறேன்னு சொல்றாருக்கா."

"எந்த மகேன்?"

"அணைக்குக் கீழ லெம்பா பெர்த்தாம்ல பூப்பண்ணை வச்சிருக்காரே."

"சின்னக்கருப்பன் பேரனா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னக்கருப்பன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் எஸ்டேட்டில் சாக்கடை வாரிய ஆள். சம்பளத்தில் சந்தேகம் கேட்க அப்பாவிடம் வருவான். வாசலுக்கு வெளியே, மழையானாலும் மழையில்தான் நிற்பான். அப்பா அவனைத் திட்டியதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. அது அந்தந்த இடம். இன்று அவன் பேரன் பிளாஸ்டிக் கூரைக்கடியில் செவ்வந்தி வளர்த்து, கோலாலம்பூருக்கு லோரி லோரியாக அனுப்புகிறான். நல்ல உழைப்பாளி என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய கிராணியின் பேத்தி சின்னக்கருப்பன் பேரன் வீட்டில் சோறு தின்று வளர்வது நடக்கக்கூடிய காரியமா என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். நடக்கக்கூடாதது என்று தெரிந்தது.

ரஞ்சிதத்தை நான் தடுக்கவில்லை. அவள் போக வேண்டியவள், போகட்டும். ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துச் சொன்னேன். தாயின் கழுத்தில் இரண்டாவது தாலி ஏறுவதைப் பிள்ளை பார்க்கக்கூடாது. அதன்பிறகும் ஒரு மண்டலம் முடியும்வரை பிள்ளை அந்தப் புது வீட்டின் வாசலை மிதிக்கக்கூடாது, தாயோடு பேசவும் கூடாது, செத்தவனுக்கு ஆகாது என்றேன். அவள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். குற்ற உணர்வு உள்ளவர்கள் எதையும் ஒப்புக்கொள்வார்கள்.

அப்படி ஒரு வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறதா என்று திலகம் பிறகு என்னிடம் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் இரண்டாவது தாலி கட்டிக்கொண்டதில்லை. ஆகவே வழக்கத்தைத் தொடங்க வேண்டியவள் நானாகிவிட்டேன்.

பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். மண்டலம் முடிந்தது. குழந்தைக்குச் சளி என்றேன். பிறகு போன் பழுது என்றேன். பாலர் பள்ளியான தடிகாவுக்கு அனுப்புவதை நிறுத்தினேன், அங்கே பிள்ளைகள் கண்டதையும் பேசும். ஒரு மதியம் ரஞ்சிதம் சொல்லாமல் வந்து நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"எழுப்பட்டுமாக்கா? ஒரே ஒரு தடவை."

"எழுப்பினால் நீ போகும்போது கத்துவாள். அதற்குப் பிறகு யார் சமாளிப்பது? நீயா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போர்வையின் நீல மூலையில் குழந்தையின் விரல்கள் நுழைந்திருந்ததைப் பார்த்தாள். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு போய்விட்டாள். எழுந்ததும் அன்பரசி மூக்கை உறிஞ்சினாள்.

"அத்தை, அம்மா வாசம் வருது."

"கனவு" என்றேன்.

அந்தச் சாயங்காலம்தான் அது ஆரம்பித்தது. யார் ஆரம்பித்தது என்பதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், தம்பி. நான் இல்லை. குழந்தை என் மடியில் உட்கார்ந்து வீடு, கோயில் என்று விரலை ஓட்டிக்கொண்டு வந்து, ஏரியில் நிறுத்தினாள். கண்ணிக்குள் விரலை விட்டு ஆட்டினாள்.

"அம்மா இங்க இருக்காங்க" என்றாள்.

அவள் சொன்னது அம்மாவின் கையை. தளர்ந்த கண்ணிகளில் அவளுக்குத் தாயின் கை தட்டுப்பட்டிருக்கிறது. எனக்கு அது உடனே புரிந்தது. பின்னல் தெரிந்த எவருக்கும் புரியும். ஆனால் விரல் இருந்த இடம் ஏரி.

"ஆமாம்" என்றேன்.

"ஏரிக்குள்ளயா?"

"நீதானே சொன்னாய்."

அவள் அந்த நீலக் கண்ணிகளை விரித்து உள்ளே பார்த்தாள். "ஏன் மேல வரல?" என்று கேட்டாள். தண்ணீருக்குள் போனவர்கள் மேலே வரமாட்டார்கள் என்றேன். அது பொய்யல்ல, பொதுவான உண்மை. அதன்பிறகு அவள் அழவில்லை. ராத்திரியில் அம்மா அம்மா என்று எழுந்து உட்காரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்ட அமைதி. ஒரு குழந்தைக்கு அமைதி கொடுப்பது சின்ன விஷயமா. உருவிவிட நினைத்த ஏரியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு தடவை அவள் கேட்டாள்:

"ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன அத்தை இருக்கு? அதையும் பின்னுங்களேன்."

அந்தப் பக்கம் என்றால் அணைக்குக் கீழே பெர்த்தாம், பிளாஸ்டிக் கூரைகள், சின்னக்கருப்பன் பேரனின் செவ்வந்திகள். "அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. நம் எல்லை ஏரியோடு முடிகிறது" என்றேன். என் ஊசியால் அவன் வீட்டைப் பின்ன மாட்டேன்.

இப்படியே போயிருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ரஞ்சிதம்தான் பொறுக்காமல் கோயில் தலைவரிடம் போனாள். அமிர்தலிங்கம் என்னிடம் வந்தார். பேசத் தெரிந்த மனிதர்.

"நீங்க பெரிய மனுஷிம்மா. உங்ககிட்ட நான் சட்டம் பேச வரல. ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வரேன். ஒரு டீ குடிப்போம். பிள்ளையை மரியாதையா நீங்களே அனுப்பி வைங்க. போலிஸ், லாயர்னு போனா உங்க வீட்டுப் பேருதான் கெடும்."

"வரட்டும்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும். கோயில் கட்ட முதல் பணம் போட்டது எங்கள் அப்பா. அந்தக் கோயிலின் தலைவரிடம் முடியாது என்று சொல்லி நான் வாசலில் சண்டை போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையைக் குளிப்பாட்டினேன். இரட்டைச் சடை பின்னி, பாவாடை சட்டை போட்டுவிட்டேன்.

"யாரு அத்தை வராங்க?"

"விருந்தாளிகள்."

"அம்மாவும் வருவாங்களா?"

பாடம் ஒப்பிப்பதுபோல நான் கேட்டேன். "அம்மா எங்கே இருக்கிறாள்?"

"ஏரில."

"ஏரியில் இருப்பவர்கள் வருவார்களா?"

"வரமாட்டாங்க." சடை நுனியைத் திருகினாள். "நான் போய்க் கூப்பிட்டா?"

நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் அதைத்தான் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், நீங்கள்தான் போகச் சொன்னீர்களா என்று. நான் போகச் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாலைக் காய்ச்சப் போனேன்.

என் மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ரஞ்சிதம் உயிரோடு கூடத்தில் வந்து நிற்பாள். குழந்தை அவளைப் பார்த்ததும் என்ன சொல்லும்? ஏரியிலிருந்து எப்படி வந்தீங்க என்று கேட்கும். அமிர்தலிங்கம் திரும்பி என்னைப் பார்ப்பார். திலகம் பார்ப்பாள், சாயங்காலத்துக்குள் அது மலைக்கு அந்தக் கோடியில் கம்போங் ராஜா ஊர் வரை போய்விடும். சின்னக்கருப்பன் பேரன் பார்ப்பான். பெரிய கிராணியின் மகள் ஒரு குழந்தையிடம் பொய் சொல்லி ஏமாற்றினாள் என்று அவன் மனதுக்குள் சிரிப்பான். அந்த ஒரு பார்வையை நான் ஏற்க முடியாது.

திரும்பி வந்தபோது அன்பரசி பின்வாசலில் நின்றாள். போர்வையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்தை, கொண்டி எட்டல."

பின்வாசல் கொண்டி உயரத்தில் இருக்கிறது. அவள் உயரத்துக்கு எட்டாது, முக்காலி போட்டாலும் எட்டாது. அதை யார் திறந்தது என்பது உங்கள் கேள்வி. நான் திறந்தேன்.

"போர்வை எதற்கு?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குக் குளிரும். தண்ணிக்குள்ள இருக்காங்கல்ல."

மழை விட்ட நேரம், அவளுக்கும் குளிரும். போர்வை சேற்றில் புரண்டால் வீணாகிவிடும். ஆகவே நானே அதை நாலாக மடித்து அவள் தோளைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனிகளையும் நெஞ்சுக்கு முன்னால் முடிச்சுப் போட்டுவிட்டேன். நன்றாக இறுக்கி. இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொன்னேன். பொறுப்பில்லாமல் அனுப்பிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

அவள் கோயிலைத் தாண்டிப் பதினாலாம் நம்பரில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மலையில் கொழுந்தெடுக்க ஆள் இருக்காது. பச்சை மலைக்குள் பச்சைப் போர்வை இறங்கியபோது கொஞ்ச தூரத்துக்கு மேல் எது எதுவென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நிறங்களை நான் அவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அப்புறம் அவர்கள் வந்தார்கள். ஏரியோரச் சாலை வழியாகத்தான் வந்திருக்கிறார்கள், மகேனின் வண்டியில். அவள் மலைக்குள் ஒற்றையடிப் பாதையில். பார்த்திருக்க முடியாது.

அமிர்தலிங்கம் சோபாவில் உட்கார்ந்தார். மகேன் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் இருந்த அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேறு இடம் இல்லை. அவனுக்கு அது யார் நாற்காலி என்று தெரியாது. நான் டீயை ஊற்றினேன்.

"பிள்ளை எங்கக்கா?" என்றாள் ரஞ்சிதம்.

"படுத்திருக்கிறாள். டீ குடியுங்கள்."

"போர்வையைப் போத்திக்கிட்டா?"

"போர்வை அவள் மேல்தான் இருக்கிறது" என்றேன். அதில் பொய் இல்லை.

ரஞ்சிதம் தன் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தாள். பிரித்துக் காட்டினாள். அவளே பின்னியது. வெள்ளைக் கூரைகள் வரிசையாக, நடுநடுவே மஞ்சள் செவ்வந்திகள், ஓரத்தில் ஒரு சின்ன நீல வீடு. வீட்டு வாசலில் மூன்று பொத்தான்கள்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் இதை ஒட்டிடலாம்னுக்கா. போர்வை ஏரியோட நின்னுபோச்சுன்னா, அம்மா எங்க இருக்கான்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

திலகம் கையில் வாங்கிப் பார்த்து, "ஐயோ, அழகா இருக்கே" என்றாள். என்னிடம் நீட்டினாள். நான் தடவிப் பார்த்தேன். கண்ணிகள் வழக்கம்போல் தளர்வு. விரல் தாராளமாக நுழைந்தது.

"நன்றாக வந்திருக்கிறது" என்றேன். டீயைச் சூடாக்கிக் கொண்டுவர உள்ளே போனேன்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். வண்டியில் போனால் ஏரிக்கு எவ்வளவு நேரம், மகேன் ஓடியிருப்பானே என்கிறீர்கள். எனக்கும் தெரியும். அவன் டீக்கோப்பையைக் கீழே வைக்காமலே ஓடியிருப்பான். ஆனால் ஏரிக்கு ஏன் போனாள் என்று கேட்பார்கள் அல்லவா. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அந்தப் பதிலை அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் முன்னால் நான் சொல்ல வேண்டும். இலை ஊறும்வரை காத்திருந்தேன். பால் பொங்கும்வரை நின்றேன்.

கதவைத் திறக்கும்போது என்னதான் நினைத்தீர்கள் என்று கேட்டீர்கள். சுற்றிவிட்டுக் களைத்து வந்துவிடுவாள், அதற்குள் இவர்கள் காத்திருந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அல்லது ஏரிவரை போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இனிமேல் அம்மாவைக் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒன்று தோன்றவில்லையா என்றீர்கள். தோன்றியது. கொண்டியில் கை வைத்தபோதே தோன்றியது. அப்படி ஆனால் அவள் சின்னக்கருப்பன் பேரன் வீட்டில் வளரமாட்டாள், கடைசிவரை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பாள் என்பதும் கூடவே தோன்றியது. அதன்பிறகுதான் முடிச்சை இறுக்கினேன்.

ரஞ்சிதத்தால் உட்கார முடியவில்லை. "நான் போய்ப் பார்க்கிறேன்" என்று எழுந்து அறைக்குள் போனாள். வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன் கேட்டுக்கு வெளியே மோட்டார் சத்தம் கேட்டது. எஸ்டேட் கங்காணி. ஏரியில் படர்ந்த குப்பையை அள்ளும் ஆட்கள் அவரை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் முதலில் பச்சையைத்தான் பார்த்தார்களாம். ஏதோ செடி மிதக்கிறது என்று நினைத்துக் கம்பால் இழுத்தார்களாம்.

கம்பளி தண்ணீரைக் குடித்தால் இரும்பாகிவிடும். பெரிய ஆளாலேயே ஈரத்தில் தூக்க முடியாது. ஆஸ்பத்திரியில் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கத்தரித்திருக்க வேண்டாம். என்னைக் கூப்பிட்டிருந்தால் அவிழ்த்துக் கொடுத்திருப்பேன். ஒரு இடத்தில் வெட்டினால் ஒட்டுமொத்தமாகப் பிரிந்துபோகும், பின்னல் அப்படிப்பட்டது.

ரஞ்சிதம் அன்று என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கையில் இருந்த அந்தத் துண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மகேன்தான் அவளை வண்டியில் ஏற்றினான். போகும்போது என்னிடம், "ஏன் பெரியம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அவனுக்கு நான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சர்க்கார் ஆள். அவன் போனபிறகு அப்பாவின் நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அதற்குமுன் ஒன்றை நீங்கள் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். ரிங்லெட் மார்க்கெட்டில் ஒரு பேச்சு உலவுகிறது. விளையாடப் போன பிள்ளை மலையில் வழி தவறி, தெரியாமல் ஏரிப் பக்கம் போய்விட்டது என்று. பாவம், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று உங்கள் உம்மா ஜைனப்பும் சொன்னார்களாம்.

அது தவறு. அன்பரசி எந்த இடத்திலும் வழி தவறவில்லை. வீடு, கோயில், பதினாலாம் நம்பர், பெரட்டுக்களம், பைப்படி, ஏரி. ஈர மண்ணில் அவள் காலடியை நீங்களே போய்ப் பார்த்தீர்கள். ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. என் பின்னலில் பிழை இருக்காது.